யன்னலில் இருந்து தெரிகிற வெயில்

1. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி

"உங்கட ஆக்கள் வீட்டில நீ வைச்ச ஃபெல்சன்பிர்னே ரெண்டு வருசமாப் பூக்கேல்லையாம். போய்ப் பார். என்னெண்டு கண்டுபிடிக்காமல் திரும்பி வராத."

ஒரு ஓகஸ்ட் திங்கட்கிழமை காலை எங்கள் முதலாளியம்மா ஃபிரவ் சைடல் இப்படிச் சொன்னார். அவர் சொன்னது ஜெர்மன் மொழியில். ஆனால் அவர் என்ன சொன்னாலும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

டார்ம்ஸ்டாட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறிய தோட்ட நிறுவனத்தில் பதினாறு வருடங்களாக வேலை செய்கிறேன். வீட்டுத் தோட்டங்களில் செடி வைப்பது, வெட்டுவது, இடம் மாற்றுவதுதான் எங்கள் வேலை. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஃபெல்சன்பிர்னே ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு புதர்மரம். பெயருக்குப் பாறைப் பேரி என்று பொருள் சொல்லலாம். பழம் பேரியைப்போல இருக்காது. நாவற்பழத்தின் குட்டித் தங்கை என்றால் சரியாக இருக்கும். ஏப்ரல் கடைசியில் செம்பு நிறத் தளிரும் வெள்ளைப் பூவும் ஒன்றாக வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ அங்கே மெல்லிய துணி ஒன்றை உலரப் போட்டுவிட்டு மறந்துபோனதுபோல இருக்கும். பத்து நாள்தான். பிறகு காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஜூன் கடைசியில் பழம், ஒக்டோபரில் நெருப்பு நிற இலை. இவ்வளவும் வெயில் கிடைத்தால்தான். அரைநிழலில் சமாளிக்கும். முழுநிழலில் சாகாது, ஆனால் பூக்கவும் மாட்டாது.

வாடிக்கையாளர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி மரியா அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. பகல் முழுவதும் சமையலறை யன்னலோரக் கதிரையில் இருப்பார். அவர் பார்ப்பதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன் யன்னலுக்குக் கீழேயே அந்தச் செடியை வைத்தோம்.

"வாங்கோ தங்கச்சி, வந்து உங்கட மரத்தைப் பாருங்கோ. பூமரம் எண்டு சொல்லித் தந்தனியள். இது வாடகை குடுக்காமல் குடியிருக்குது."

பார்த்தேன். மெலிந்த கொப்புகள் எல்லாம் வீட்டைவிட்டு ஓடப் பார்ப்பதுபோல வெளிச்சம் உள்ள பக்கமாகச் சாய்ந்திருந்தன. இலைகளில் வெள்ளைப் பூஞ்சணம். அடியில் பாசி. கால் வைத்த இடத்தில் மண் சளக் என்றது.

"அண்ணை, எவ்வளவு தண்ணி விடுறனீங்கள்?"

"நீங்கள் சொன்னபடிதான். காலமை ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி."

"அது முதல் ரெண்டு கிழமைக்கெல்லோ சொன்னனான்?"

"நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே."

"மழை நாளிலயுமோ?"

"குடை பிடிச்சுக்கொண்டு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "மழையை நம்பி ஒரு உயிரை விடலாமோ?"

சிரிக்க முடியவில்லை. செடியின் திறந்த பக்கத்தில் ஒரு நாணல் தட்டி நின்றது. அதைக் கட்டியது நான். எங்கள் ஊரில் புதுக்கன்று வைத்தால் முதல் வேலை ஓலை குத்தி மறைப்பது, இரண்டாவது வேலை இரண்டு வேளை தண்ணீர். அங்கே வெயில்தான் எதிரி. இங்கே களிமண் கலந்த லேம் மண், வடக்குப் பக்கச் சுவர், வருடத்தில் பாதி நாள் சாம்பல் நிற வானம். அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சியில் இதையெல்லாம் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணியவள் நான். இருந்தும் தமிழ் வீட்டு முற்றத்தில் நின்று தமிழில் கதைத்துக்கொண்டே செடி வைத்தபோது என் கை படித்ததை விட்டுவிட்டுப் பழகியதைச் செய்துவிட்டது. வேறொரு வாடிக்கையாளர் என்றால் ஒரு கிழமையில் தட்டியைக் கழற்றி எறிந்திருப்பார். சூசை அண்ணை மழைக்காலத்தில் அதை இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தார்.

யன்னலுக்குள் மரியா அக்கா இருந்தார். நான் கை அசைத்தேன். அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2. ரோலாடன்

அந்தக் கோடையில் என் வீட்டில் நடந்ததையும் சொல்லாமல் இதைத் தொடர முடியாது.

மே மாதம் என் மகள் ஆரணி சைக்கிளில் வரும்போது நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவு திடீரெனத் திறந்தது. தலை வீதியில் அடித்தது. இரண்டு இரவு வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். மூளையில் அதிர்ச்சி, இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். "சில நாள் அமைதியாக இருக்கட்டும், பிறகு மெல்ல மெல்ல எல்லாம் செய்யலாம்" என்றார் டொக்டர். எனக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டது.

இங்குள்ள வீடுகளில் யன்னலுக்கு வெளியே ரோலாடன் என்று ஒரு சுருள் மறைப்பு இருக்கும். வாரை இழுத்தால் இறங்கி அறையை இருட்டாக்கிவிடும். ஆரணியின் அறையில் அதை இறக்கினேன். மே போய், ஜூன் போய், ஜூலையும் போனது. பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனைகளை அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இறக்கினேன். அவள் ஏற்றுவாள், நான் இறக்குவேன். கடைசியில் ஏற்றுவதை அவள் விட்டுவிட்டாள். அது குணமாவதன் அடையாளம் என்று நினைத்தேன்.

அவளுக்குப் பதினேழு வயது. செப்டெம்பர் முதலாம் திகதி ஒரு தச்சுப் பட்டறையில் அவுஸ்பில்டுங் தொடங்க வேண்டும். வயது குறைவு என்பதால் ஒப்பந்தத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். டொக்டர் சரி சொல்லிவிட்டார். என் கணவர் கையெழுத்து வைத்து, தாளைச் சாப்பாட்டு மேசையில் நான் இருக்கும் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் வைக்கவில்லை. பட்டறையில் சுழலும் வாள் எனக்குக் கனவில் வந்தது. தலை சுற்றி அவள் அதன்மேல் விழுவதாக வந்தது.

"அடுத்த வருசம் போகலாம் பிள்ளை."

"அடுத்த வருசம் இடம் இருக்காது அம்மா."

"வேற இடம் கிடைக்கும்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஓம், இல்லை என்பதற்கு மேல் கதைக்கவில்லை. பட்டறை மாஸ்டர் இரண்டு முறை அழைத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தாள் வராவிட்டால் வேறு ஆளை எடுப்பதாகச் சொன்னார். பாவம், பண்பாகத்தான் சொன்னார்.

3. தடிகள்

செவ்வாய்க்கிழமை ஃபிரவ் சைடலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செடியைப் பற்றிய எல்லாவற்றையும். அவர் முதலில் கேட்டது வேரைப் பற்றித்தான்.

"வேர் அழுகேல்லையோ?"

"கிளறிப் பார்த்தனான். வெள்ளை வேர் இருக்கு."

"அப்ப இடத்தை மாத்து. ஆனா ஊகிச்சு மாத்தாத. ஒரு முழுநாள் அங்க இருந்து நிழலைக் குறி."

இது எங்கள் நிறுவனத்தில் பழைய வழக்கம். மூங்கில் தடிகளை எடுத்துக்கொண்டு போய், மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பில் ஒவ்வொன்றாகக் குத்துவோம். தடியில் நாடா கட்டி மணியை எழுதுவோம். மாலையில் பார்த்தால் எந்த இடத்துக்கு எத்தனை மணித்தியாலம் வெயில் என்று தரையிலேயே எழுதியிருக்கும். ஃபெல்சன்பிர்னே நன்றாகப் பூக்க ஆறு மணித்தியாலமாவது வேண்டும். ஓகஸ்ட் பிற்பகுதி இதற்கு நல்ல காலம். ஏப்ரல் கடைசியில் சூரியன் போகும் அதே உயரத்தில்தான் ஓகஸ்ட் இருபது வாக்கிலும் போகும். ஓகஸ்டில் நீங்கள் குறிக்கும் நிழல் அடுத்த ஏப்ரலில் பூ மேல் விழப்போகும் நிழல்.

புதன்கிழமை என் கணவருக்குப் பகல் வேலை. ஆரணியைத் தனியே விட்டுப் போக எனக்கு ஏலாது. முதலாளியிடம் கேட்டேன்.

"கூட்டிக்கொண்டு போ," என்றார். "ஆனா வாகனத்துக்குள்ள பூட்டி வைச்சிடாத."

அவள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வேலை வாகனத்தின் முன் இருக்கையில் இருந்தாள். நான் புல்லின் மேல் குந்தினேன். ஏழு மணி. வீட்டின் நிழல் நீண்டு, மேற்கில் இருந்த தூயா என்ற ஊசியிலைச் செடி வேலி வரை கிடந்தது. நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் அது போயிருக்கும். புல்லின் பனி ஒரு விளிம்பில் வெள்ளையாகவும் அதற்கு அப்பால் பச்சையாகவும் இருந்தது. அந்த விளிம்பு என் சப்பாத்தைத் தொட்டது, ஏறியது, கடந்தது. பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் குழி தோண்டியிருப்பேன். ஒரு தோட்டத்தில் சும்மா இருந்து வெயில் வருவதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்பது மணித் தடியைக் குத்தும்போது பின்னால் குரல் கேட்டது.

"அம்மா, அது பிழை. நிழல் அந்தக் கல்லுக்கு அங்கால போயிட்டுது."

ஆரணி வாகனத்தை விட்டு இறங்கி நின்றாள்.

"நீ உள்ள இரு பிள்ளை, வெயில்."

"நீங்கள் பிழையாக் குத்துறியள்." தடியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். "எனக்குத் தெரியும். நான் மூண்டு மாசம் இதைத்தானே பார்த்தனான்."

"எதை?"

"ரோலாடன் ஓட்டையால வாற வெளிச்சப் பொட்டை. எட்டு மணிக்கு அலுமாரிக் கைபிடியில நிக்கும். பத்து மணிக்குக் கலண்டர். பதினொண்டரைக்குக் கட்டில் காலில ஏறும், பிறகு போயிடும். வேற என்ன செய்யிறது அந்த அறைக்குள்ள?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. அவள் அடுத்த தடிக்கு நாடா கட்டத் தொடங்கிவிட்டாள்.

4. ஒரு பாய் அளவு

மதியத்துக்குள் வெயில் எங்கே என்று தெரிந்துவிட்டது. வீட்டின் நிழல் நண்பகலில் ஐந்தாறு மீற்றரோடு நின்றது. அதற்கு அப்பால், தோட்டக் கொட்டிலுக்குப் பின்னால், நாளெல்லாம் வெயில் விழும் அருமையான இடம். நான் அங்கே நாலு மூலைக்கும் தடி குத்தினேன்.

யன்னலில் டொக், டொக் என்று சத்தம். மரியா அக்கா இடக்கையால் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். தலையை இல்லை என்று அசைத்தார்.

சூசை அண்ணை வெளியே வந்தார். "அவவுக்கு அந்த இடம் தெரியாதாம். கொட்டில் மறைக்குது."

"கதிரையைத் தள்ளிப் போடேலாதோ அண்ணை?"

"தள்ளினால் அடுப்பும் தெரியாது, நான் சமைக்கிறதும் தெரியாது. என்னைக் கண்காணிக்காமல் அவ இருக்கமாட்டா."

யன்னல் சட்டத்துக்கும் கொட்டிலுக்கும் நடுவே மரியா அக்காவுக்குத் தெரிவது ஆப்பிள் துண்டுபோல ஒரு சிறு கீற்று. வெயில் இருக்கும் இடமும் அந்தக் கீற்றும் எங்காவது சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் செடிக்கு வெயில் கிடைக்கும், அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆரணி மிக நீளமான தடியை எடுத்தாள். நுனியில் தன் கழுத்துத் துணியைக் கட்டினாள். யன்னலைப் பார்த்து அதை உயர்த்திப் பிடித்து, "அன்ரி, தெரிஞ்சால் கை தூக்குங்கோ," என்று கத்தினாள்.

கை தூக்கவில்லை. இடப்பக்கம் மூன்று அடி போனாள். இல்லை. பின்னால் போனாள். கை எழுந்தது. ஆனால் அங்கே நண்பகலிலும் நிழல். மறுபடி போனாள். இப்படி அரை மணித்தியாலம். ஒருத்தி கண்ணாடிக்கு உள்ளே, ஒருத்தி வெளியே. நடுவில் ஒரு சிவப்புத் துணி காற்றில் அசைந்துகொண்டிருந்தது. ஆரணி ஓடினாள். நான் "ஓடாத, ஓடாத" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது தொப்பியைக் கழற்றினாள் என்று தெரியவில்லை. அது புல்லில் கிடந்தது.

பத்து மணித் தடிக்கும், நாலு மணிக்கு வேலியின் நிழல் வந்து சேரும் என்று நான் கணித்த இடத்துக்கும் நடுவே ஆரணி நின்றாள். மரியா அக்காவின் கை எழுந்தது. இறங்கவில்லை. அப்படியே நின்றது.

ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அவ்வளவுதான். ஆனால் அது போதும். பிறகு குத்திய மாலைத் தடிகளும் அதையே காட்டின.

அந்த நேரம் ஆரணி திடீரெனத் தரையில் குந்திவிட்டாள். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடியை மிதித்து முறித்திருந்தேன் என்று பிறகுதான் கண்டேன்.

"என்ன பிள்ளை? தலை சுத்துதோ? கண் இருட்டுதோ? என்னைப் பார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நிறத்தைக் கண்டது அப்போதுதான்.

"ஒண்டும் இல்லை அம்மா. களைச்சுப்போனன். பசிக்குது."

சூசை அண்ணை எங்களைச் சமையலறைக்குள் கூப்பிட்டுத் தேநீரும் மீன் பணிசும் தந்தார். ஆரணி மூன்று பணிஸ் சாப்பிட்டாள். மரியா அக்கா தன்னுடையதையும் இடக்கையால் அவள் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை இனி என்ன படிக்கப் போறா?" சூசை அண்ணை கேட்டார்.

"தச்சு வேலை அங்கிள்."

"அட, புனித சூசையப்பரின்ர தொழில். என்ர பேர்காரர். எனக்குத்தான் ஒரு ஆணி நேராய் அடிக்கத் தெரியாது. எப்ப தொடங்குது?"

ஆரணி என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவள் நான்தான். வெளியே நண்பகல் நிழல் திரும்பி மறுபடி நீளத் தொடங்கியிருந்தது.

"செப்டெம்பர் ஒண்டு," என்றேன்.

பணிஸ் பிடித்திருந்த அவள் கை நின்றது. பிறகு மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலை கையெழுத்து வைத்தேன். எழுத்து கோணலாக வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

5. இலை விழுந்த பிறகு

சூசை அண்ணைக்கு அடுத்த நாளே செடியை மாற்ற வேண்டும் என்று அவசரம். இலையோடு நிற்கும்போது தோண்டினால் தாங்காது என்று மறித்தேன். நவம்பரில் இலை எல்லாம் விழுந்த பிறகு ஃபிரவ் சைடலும் நானும் போனோம். ஆரணி அந்த நேரம் பட்டறையில்.

வேரைச் சுற்றி அகலமாக வெட்டி, மண்ணுருண்டை உடையாமல் சாக்குத்துணியில் கட்டித் தூக்கினோம். புதுக்குழியை ஆழமாகத் தோண்டவில்லை, அகலமாகத் தோண்டினோம். அடி மண்ணைக் கிளறி, கரடு மணலும் கொஞ்சம் இலைமட்கும் கலந்தோம். முன்பு இருந்த உயரத்திலேயே வைத்தோம், ஒரு விரல்கூடத் தாழ்த்தவில்லை. ஒரு தடவை நிறையத் தண்ணீர். பூஞ்சணம் பிடித்த மெல்லிய கொப்புகளை மட்டும் அடியோடு எடுத்தோம். இதற்கு அதிக வெட்டு ஆகாது.

"வாளியை எங்க வைச்சிருக்கிறார் உந்த மனிசன்?" ஃபிரவ் சைடல் என்னிடம் கேட்டார். நான் காட்டினேன். வாளியைத் தூக்கி வாகனத்தில் போட்டுக்கொண்டார். சூசை அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன தங்கச்சி, பறிமுதலோ?"

"ஓம் அண்ணை. இலை வந்த பிறகு, பத்து நாள் மழை இல்லையெண்டால் போன் பண்ணுங்கோ. நான் சொல்லுறன்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். செடியை எங்கே வைப்பது என்று உங்கள் கையிடம் கேட்காதீர்கள். கை தான் வளர்ந்த ஊரின் வெயிலைத்தான் அறியும். ஒரு முழுநாள் அந்த இடத்தில் இருங்கள். மறைப்புக் கட்டினால், அவிழ்க்கும் நாளை அன்றைக்கே அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கட்டுவது லேசு. அவிழ்ப்பதற்கு ஒருவரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில், இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். இடம் மாறிய செடி முதல் வருடம் அதிகம் பூக்காது என்று சொல்லியிருந்தேன். அப்படித்தான் இருந்தது. வெயில் பக்கக் கொப்புகளில் ஒரு பதினைந்து இருபது குலை. செம்புத் தளிருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, காற்று ஊதினால் இல்லாமல் போய்விடும் போல. சூசை அண்ணை யன்னலைத் திறந்துவிட்டார்.

மரியா அக்கா பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடக்கையை உயர்த்தி, தோளுக்கு மேல் ஒரு உயரம் காட்டினார். பிறகு விரல்களை விரித்து, எங்கே என்று கேட்டார்.

"ஆரணி வேலைக்குப் போயிட்டாள், அக்கா."

தலையை ஆட்டிவிட்டு அவர் மறுபடி பூப்பக்கம் திரும்பினார். நான் மணியைப் பார்த்தேன். பத்தரை. அந்த நேரத்தில் பட்டறையில் வாள் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டுக்குப் பதினொரு மணிக்கு வருவதாக நேரம் குறித்திருந்தது. வாகனத்தை எடுத்தேன்.